கணினியில் இடனறிதல்

வட்டுக்கோட்டைச் சந்தியில் வெளியூரார் ஒருவர் பேருந்தை விட்டு இறங்குகிறார். கையிலே ஒரு கலியாணக் கடிதம். பந்தலிட்ட வீடு எங்கே என வினவுகிறார். கடை வாயிலில் நிற்கும் பெரியவர், "ஐயா, இதாலை நேரை போங்கோ. கோயிலடியிலை சோத்துக்கைப் பக்கம் திரும்பினால் மூண்டாவது ஒழுங்கை" என்கிறார். வந்தவரும் அவ்வாறே நடந்து வீட்டை அடைகிறார். இதே சொற்களைச் சித்தங்கேணிச் சந்தியில் இறங்கிய ஒருவர் நம்பி நடந்திருந்தால் என்னாகும்? வேறொரு கோயிலடியில் திரும்பி, வேறொரு ஒழுங்கையில் நுழைந்து, முன்பின் அறியாதார் வீட்டுப் படலையைத் திறந்திருப்பார். சொல்லிற் பிழையில்லை, கேட்டவர் நின்ற இடந்தான் பிழை.

வழிகேட்போருக்கு நாடோறும் வழிசொல்லும் எமது ஊரார்க்கு இது பாடமன்று, பழக்கம். ஆயினும் கணினி பயிலும் மாணவர்க்குக் கற்பிக்க மிகவும் அரிதாயிருப்பதும் இந்த உண்மையே. கட்டளை எத்துணைச் சரியாயிருப்பினும், நிற்கும் இடம் தவறாயின் செயலும் தவறாகிவிடும். இதனைச் சிறிது விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

"கொம்பியூட்டரிலை, சேர்!"

வகுப்பிலே ஒரு மாணவர் பல நாள் முயன்று செயற்றிட்ட அறிக்கை ஒன்றை எழுதி முடிக்கிறார். மறுநாள் அதனைக் காணவில்லை என்று கலங்கி நிற்கிறார். "எங்கே வைத்தீர், தம்பி?" என்று கேட்டால், "கொம்பியூட்டரிலை, சேர்" என்பதே விடை. வீட்டு முகவரி கேட்டவருக்கு "இலங்கையில்" என்று விடை கூறுவதை ஒத்தது இது. பொய்யன்று; ஆயினும் பயனில்லை.

இதனை மாணவரின் சோம்பல் என்று நாம் கருதவில்லை. அவர்கள் கைத்தொலைபேசியோடு வளர்ந்தவர்கள். அதிலே எடுத்த படம் தானாகவே வந்து வரிசையில் நிற்கும். தேடுமிடத்தில் ஒரு சொல்லை இட்டால் வேண்டியது முன்வரும். பொருள் எங்கே இருக்கிறது என்ற வினாவே எழுவதில்லை. ஆனால் ஒரே பெயரில் மூன்று கோப்புகள் இருந்து, அவற்றுள் ஒன்றே திருத்தியதாக இருக்கும் நாளில், அல்லது பழைய கணினியிலிருந்து புதியதற்குக் குடிபெயரும் நாளில், அவ்வினா கட்டாயம் எழும்.

இருந்தும் இல்லாத பொருள் என்பது எமது நாட்டுக்குப் புதிதன்று. வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியிலே கல்வி கற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் அவரும், அதே செமினரியிற் பயின்ற கறல் விசுவநாதபிள்ளையுமாவர். 1887இல் தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்து அச்சேற்றினார். அதற்கு முன் அந்த நூல் இல்லாமற் போய்விடவில்லை, ஏடுகளில் இருந்தது. எந்த ஏடு, எவர் வீட்டில் என்பதே பலர்க்கும் தெரியாதிருந்தது. இருக்கும் இடம் தெரியாத நூல், இல்லாத நூலோடு ஒக்கும்.

தலைகீழாய் வளர்ந்த மரம்

கணினியின் உள்ளே தரவுகளைத் தாங்கும் உறுப்பினை வன்வட்டு என்கிறோம். எமது ஊர்ப்பெயரின் முற்பாதி அங்கே சென்று குடியிருப்பது கண்டு மாணவர் சிரிப்பதுண்டு. வட்டிலே சேமிக்கும் ஒவ்வொரு படமும் கடிதமும் ஒரு கோப்பு. கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம் அடைவு. கோப்புறை எனவும் வழங்குவர். அடைவு என்றதும் எமது வீட்டுப் பெண்களுக்கு நகை அடைவு வைப்பதுதான் நினைவுக்கு வரும். அந்த ஒப்புமையும் தகும். நகையை வைத்தவர் துண்டினைத் தொலைத்தாற் படும் பாட்டினை அறிந்தவர், கோப்பின் இடத்தை மறந்தவர் படும் பாட்டையும் அறிவர்.

ஓர் அடைவினுள் இன்னோர் அடைவும், அதனுள் வேறொன்றும் இருக்கலாம். இவ்வாறு கிளைத்துச் செல்லும் அமைப்பினை மரம் என்பர். எல்லாவற்றுக்கும் முதலான அடைவு வேர் எனப்படும். ஆனால் படத்தில் வரையும்போது வேரை மேலேயும் கிளைகளைக் கீழேயும் வரைவது வழக்கம். மாணவர்க்கு இது வியப்பாயிருக்கும். வேர் மேலும் கிளை கீழுமாய் நிற்கும் அரசமரத்தைப் பகவத் கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்திற் கேட்டறிந்த பெரியோர்க்கு வியப்பிராது.

இம்மர அமைப்பு மல்டிக்ஸ் என்னும் அமெரிக்கப் பணிசெயல் முறைமைக்காக 1965இல் விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. 1969இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் அதனைத் தழுவிப் பரப்பியது. வீட்டுக் கணினிக்கு அது பிந்தியே வந்தது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சொந்தக் கணினியோடு வெளிவந்த டொஸ் முறைமையில் உள்ளடைவுகளே இல்லை. 160 கிலோபைட் கொள்ளும் ஒரு நெகிழ்வட்டில் 64 கோப்புகளுக்கே இடமுண்டு. ஒரே பட்டியல் போதுமாயிருந்தது. 1983இல் 10 மெகாபைட் வன்வட்டோடு அடுத்த கணினி வந்தபோது நிலைமை மாறியது. முந்தியதிலும் அறுபது மடங்குக்கு மேற்பட்ட இடத்தில் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு எவரும் ஒன்றைக் கண்டெடுக்க இயலாது. ஆகவே டொஸ் இரண்டாம் பதிப்பில் உள்ளடைவுகள் புகுத்தப்பட்டன. வீடு சிறிதாயின் ஒரு பெட்டகம் போதும்; பெருத்தால் அறைகள் வேண்டும்.

மூன்று வினாக்கள்

இன்று நாம் காணும் வண்ணத் திரைக்குப் பின்னால் ஓர் எழுத்துத் திரை ஒளிந்திருக்கிறது. விண்டோசில் அதனைக் கொமாண்ட் புரொம்ப்ட் என்றும், லினக்சிலும் மக்கின்ரோசிலும் டெர்மினல் என்றும் அழைப்பர். திறந்தால் வெறும் திரையும், கண் சிமிட்டும் ஒரு குறியும் மட்டுமே தெரியும். படமில்லை, தொட்டு அழுத்தப் பொத்தானில்லை. கட்டளையை எழுத்தால் எழுதி நுழைவு விசையை அழுத்தவேண்டும். முதன்முறை பார்ப்பவர் அஞ்சுவர். அஞ்சவேண்டியதில்லை, மூன்று வினாக்களை நினைவிற் கொண்டாற் போதும். கட்டளைகள் விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்தால் எழுதப்படுவன. இங்கே அவ்வெழுத்துகளின் ஒலியைத் தமிழில் தருகிறோம்.

முதலாம் வினா: நான் எங்கே நிற்கிறேன்? லினக்சில் இதற்குரிய கட்டளை பீ.டபிள்யூ.டீ. எமது ஊர் முதியோர்க்கு அம்மூன்றெழுத்தும் வீதி போடும் பொதுவேலைத் திணைக்களத்தின் பெயர். இங்கே அது வீதி போடாது. நாம் எந்த வீதியில் நிற்கிறோம் என்பதைச் சொல்லும். விண்டோசில் சீ.டீ. என்று மட்டும் எழுதினால் அதே விடை கிடைக்கும்.

இரண்டாம் வினா: இங்கே என்ன இருக்கிறது? லினக்சில் எல்.எஸ்.; விண்டோசில் டீ.ஐ.ஆர். அந்த அடைவிலுள்ள கோப்புகளும் உள்ளடைவுகளும் திரையில் வரிசையாக வரும்.

மூன்றாம் வினா: நான் எங்கே போகவேண்டும்? இதற்கு இரு முறைமைகளிலும் சீ.டீ. என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, போகவேண்டிய அடைவின் பெயரை எழுதவேண்டும். பெயருக்குப் பதிலாக இரண்டு புள்ளிகளை இட்டால் ஒருபடி மேலே, அதாவது தாயடைவுக்குச் செல்லலாம். ஒற்றைப் புள்ளி, நிற்கும் இடத்தையே குறிக்கும்.

ஈரெழுத்தும் மூவெழுத்துமாக இக்கட்டளைகள் ஏன் இவ்வளவு குறுகின? யுனிக்ஸ் பிறந்த காலத்தில் திரை அரிதாகவே இருந்தது. தட்டச்சுப் பொறி போன்ற தொலையச்சுக் கருவியே பெரிதும் பயன்பட்டது. அக்காலத்தில் வழங்கிய ஒருவகைக் கருவி செக்கனுக்குப் பத்து எழுத்துகளையே அச்சிடும். எழுத்தொன்று மிஞ்சினாலும் வேலை தாமதிக்கும். ஆகவே சொற்கள் சுருங்கின.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. பெயரில்லாமற் சீ.டீ. என்று மட்டும் எழுதினால், விண்டோஸ் நிற்கும் இடத்தைச் சொல்லி அங்கேயே இருக்கும். லினக்சோ எங்கு நின்றாலும் எம்மை எமது வீட்டு அடைவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஒரே சொல், இரு நாட்டில் இரு பொருள். இன்னும், லினக்ஸ் பெரும்பாலும் ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறு வேறாகவே கொள்ளும். விண்டோஸ் பொதுவாக அவ்வேறுபாடு பாராட்டாது. பள்ளிக்கும் பல்லிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த தமிழ் மாணவர்க்கு இந்த நுட்பம் விளங்காதிராது. பெயரின் நடுவே இடைவெளி இருந்தால் அதனை மேற்கோட் குறிக்குள் அடக்குவது நன்று. இல்லையேல் ஒரு பெயரை இரு பெயராக எண்ணிக் கணினி மயங்கக்கூடும்.

முழுவழியும் குறுவழியும்

அடைவுகளின் பெயர்களை வரிசையாக எழுதி, இடையிடையே சாய்கோடு இட்டால் அது வழி எனப்படும். விண்டோசில் பின்சாய்கோடும் லினக்சில் முன்சாய்கோடும் வழங்கும். விண்டோசில் வழியின் தொடக்கத்தில் வட்டின் எழுத்தும் முக்காற்புள்ளியும் நிற்கும். அவ்வெழுத்து பெரும்பாலும் 'சீ' ஆக இருப்பதன் காரணம், முதலிரண்டு எழுத்துகளும் நெகிழ்வட்டுகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தமையே. நெகிழ்வட்டு மறைந்தும் அதன் ஆசனம் வெறுமையாய்க் கிடக்கிறது.

வழி இருவகைப்படும். இலங்கை, வடமாகாணம், யாழ்ப்பாணம், சங்கானை, வட்டுக்கோட்டை என்று வேரிலிருந்து தொடங்கிச் சொல்வது முழுவழி. கொழும்பில் நின்று சொன்னாலும் ரொறன்ரோவில் நின்று சொன்னாலும் அது ஒரே இடத்தையே குறிக்கும். "கோயிலடியில் திரும்பி மூன்றாவது ஒழுங்கை" என்பது குறுவழி. அது குறுகியது, எளியது. ஆனால் சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து மட்டுமே மெய்யாகும். அருகில் உள்ளவற்றுக்குக் குறுவழியும், அழித்தல், இடம்மாற்றல் போன்ற மீட்க அரிய காரியங்களுக்கு முழுவழியும் கொள்வது அறிவுடைமை. அதனை நாம் நூலிற் படித்து அறியவில்லை, இழந்து அறிந்தோம்.

எமக்கு நேர்ந்தது

எமது தந்தையார் ஓர் ஆசிரியர். நாட்குறிப்பு எழுதும் வழக்கமுடையவர். எந்த ஆண்டு மாரி பிந்தியது, எந்தக் கிணறு உவர்த்தது, புகையிலை என்ன விலைக்குப் போனது, எந்தப் பிள்ளை மேற்படிப்புக்குப் போனது என்றெல்லாம் கொப்பிகளில் எழுதி வைத்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து நடந்த இரவில், துணிமூட்டையோடு அக்கொப்பிகளையும் அவர் சுமந்தார். மீண்டபோது திரும்பவும் சுமந்து வந்தார். அவர் மறைந்த பின்னர் கொப்பிகளிற் கறையான் கண்டது. ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, லினக்ஸ் நிறுவிய ஒரு பழைய கணினியில் ஓர் அடைவினுட் சேமித்தோம். படங்களைத் திருத்தும்போது உண்டான கழிவுப் பிரதிகளை, அதனுள்ளே ஓர் உள்ளடைவு அமைத்து அங்கே இட்டோம். கொப்பிகளோ அடுத்த மாரியின் ஒழுக்கிற் கூழாய்ப் போயின. படமிருக்கிறதே என்று மனந்தேறினோம்.

ஒருநாள் மாலை கழிவுப் பிரதிகளை அழிக்க எண்ணினோம். சீ.டீ. என்று எழுதி உள்ளடைவின் பெயரை எழுதினோம். பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தது. அப்படியோர் அடைவு இல்லை என்று கணினி ஒருவரியில் அறிவித்தது. நாம் அதனை வாசிக்கவில்லை. கைப்பழக்கம் கண்ணை முந்தியது. அடுத்து ஆர்.எம். என்ற அழித்தற் கட்டளையையும், எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறியையும் இட்டோம். கணினி "மெய்யாகவோ?" என்று கேட்கவில்லை. ஒரு கணத்தில் முடிந்தது. உள்ளே சென்றுவிட்டோம் என எண்ணினோம், சென்றிருக்கவில்லை. தாயடைவிலேயே நின்றோம். அழிந்தவை கழிவுப் பிரதிகளல்ல, தந்தையாரின் பக்கங்கள்.

அவ்வாறு அழிந்தவை குப்பைக் கூடையிலும் இரா. அழித்தலில் முதலிற் போவது கோப்பின் பெயரும் இடக்குறிப்புமே. உள்ளீடு, அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை வட்டிலே கிடக்கவும் கூடும். ஆதலின், தவறு நேர்ந்தவுடன் கணினியில் வேறொன்றும் செய்யாது நிறுத்தி, அறிந்தவரிடம் கொடுத்தல் வேண்டும். புதியவகைத் திண்மநிலை வட்டுகளில் அந்த வாய்ப்பும் மிகக் குறைவு. நாமோ பதற்றத்தில் எதையெதையோ தேடி, எதையெதையோ பதிவிறக்கி, எஞ்சியிருந்ததன் மேலும் எழுதிவிட்டோம். வெளிநாட்டில் வாழும் தமக்கையாருக்கு அவ்வப்போது தொலைபேசியில் அனுப்பியிருந்த பக்கங்கள் அவரிடம் இருந்தன. ஏறத்தாழப் பாதி அவ்வாறு மீண்டது. மற்றப் பாதியில் என்ன இருந்தது என்பதை இனி எவரும் சொல்லமாட்டார்.

கணினி எமக்குத் தீங்கு செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடியே, நின்ற இடத்தில் நின்றபடியே செய்தது. உள்ளே போகவில்லை என்று ஒருவரியில் அறிவித்தும் இருந்தது.

வகுப்பில் நாம் சொல்லும் ஒழுங்கு

அன்றுமுதல் மாணவர்க்கு ஓர் ஒழுங்கைத் தவறாது கற்பித்து வருகிறோம். அழிக்கும் முன் பீ.டபிள்யூ.டீ.; அதன்பின் எல்.எஸ்.; திரையில் வந்ததை வாய்விட்டு வாசித்தல்; அதற்குப் பின்னரே அழித்தல். அடைவின் பெயரை முழுமையாகக் கையால் எழுதாது, முதற் சில எழுத்துகளை எழுதி டாப் விசையை அழுத்தினால், அப்பெயருடைய அடைவு உண்டாயிற் கணினியே பெயரை நிரப்பும். நிரப்பாவிடிற் பெயரையோ இடத்தையோ மீளப் பார்க்கவேண்டும். அவ்வொரு விசை எம்மைக் காத்திருக்கும். லினக்சில் இரு கட்டளைகளின் நடுவே இரண்டு உம்மைக் குறிகளை இட்டால், முன்னது நிறைவேறினாலன்றிப் பின்னது நடவாது. ஆர்.எம். கட்டளையோடு சிறுகோடும் 'ஐ' எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு கோப்பையும் அழிக்கும் முன் கணினி கேட்கும். கேள்வி சலிப்பைத் தரும். இழப்பைப் போன்ற துயரைத் தராது.

படத்தைத் தொட்டாலே எல்லாம் நடக்கும் காலத்தில் இவ்வெழுத்துத் திரை எதற்கு என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். உலகின் மிக விரைவான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ் முறைமையில் இயங்குவன. 1991இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்சின் கருவே அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கும் கரு. தொலைவிலுள்ள பெருங்கணினிகளை இயக்குவோர் பெரிதும் எழுத்துக் கட்டளைகளாலேயே இயக்குகின்றனர். தொழிலுக்கு அது பயன்படும். ஆயினும் நாம் கருதும் பயன் வேறு. வண்ணத்திரை இருக்குமிடத்தை மறைத்துப் பொருளைக் காட்டுகிறது. எழுத்துத் திரையோ முதலில் நிற்குமிடத்தை உணர்த்திப் பின்னரே பொருளைக் காட்டுகிறது. ஒரு தவணை இதிற் பழகிய மாணவர், பின்னர் எந்தத் திரையின் முன் அமர்ந்தாலும் "எங்கே சேமிக்கிறேன்?" என்று தம்மைத் தாமே கேட்கக் காண்கிறோம்.

திருவள்ளுவர் வலியறிதலையும் காலமறிதலையும் கூறிய பின்னர், இடனறிதலை ஐம்பதாம் அதிகாரமாக வைத்தார். வலிமையும் காலமும் வாய்த்த பின்னும் இடம் அறிய வேண்டியிருக்கிறது. மாணவச் செல்வங்களே, இன்று மாலை உங்கள் வீட்டுக் கணினியில் அவ்வெழுத்துத் திரையைத் திறந்து, மூன்று வினாக்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எதையும் அழிக்கவேண்டாம், உலாவி வந்தாற் போதும். வீட்டிலே பாட்டனார் பாட்டியார் படங்களும் குரலும் எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்து, அவற்றுக்கு இன்னுமொரு பிரதி வேறிடத்தில் வையுங்கள்.

தந்தையாரின் எஞ்சிய பக்கங்கள் இன்று மூன்று இடங்களில் இருக்கின்றன. மூன்றினதும் முழுவழியை ஒரு கொப்பியில் மையினால் எழுதி வைத்திருக்கிறோம். கொப்பி இருக்கும் இடம் வீட்டார் எல்லோருக்கும் தெரியும்.